ஒரே தெரு, இந்தாண்ட நகராட்சி வார்டு, அந்தாண்ட பஞ்சாயத்து: ரெண்டு பக்கமும் குடியிருந்தவ ரிவ்யூ

போன மாசம் மட்டும் மூணு பேரு கேட்டுட்டாங்க, அக்கா உங்க ஏரியாவுல வீடு பாக்கலாமா, தண்ணி எப்படி, தெரு எப்படின்னு. ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டு தொண்டை காஞ்சதுதான் மிச்சம், அதான் ஒரேயடியா எழுதிடறேன். பிரியாணி கடைக்கு ரிவ்யூ இருக்கு, மிக்ஸிக்கு ரிவ்யூ இருக்கு, அட்வான்ஸ் குடுத்து வருஷக்கணக்கா குடியிருக்கப்போற வார்டுக்கு ஒரு வரி எழுத ஆளில்ல.

வார்டு நம்பரும் தெரு பேரும் சொல்லமாட்டேன், நாளைக்கும் இதே தெருவுலதான் நான் தண்ணி புடிக்கணும். தர்மபுரி நகராட்சில மொத்தம் 33 வார்டு, அதுல ஊரு முடியற விளிம்புல இருக்கறதுல ஒண்ணுன்னு வெச்சுக்குங்க. 4 ரோடு ஜங்ஷன்லேர்ந்து டவுன் பஸ்ல பத்து நிமிஷம், ஷேர் ஆட்டோவுல இன்னும் சீக்கிரம். வெளியூர்லேர்ந்து வந்து பாக்கறவங்களுக்கு எல்லாம் டவுனாதான் தெரியும், மாடி வீடு, மெடிக்கல், மொபைல் கடை, இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் வேன். ஆனா தர்மபுரில கண்ணுக்கு டவுனா தெரியறதெல்லாம் டவுன் கெடையாது. இலக்கியம்பட்டியவே எடுத்துக்குங்க, கலெக்டர் ஆபீஸ் பக்கத்துலயே இருக்கு, ஆனா நாங்க குடி வந்தப்ப அது கிராம பஞ்சாயத்துதான்.

எங்க தெருவுல அந்த எல்லைக்கோடு நடுத்தெருவுல போவுது. நெஜமாவே நடுத்தெருவுல. மேற்கால சைடு நகராட்சி வார்டு, கிழக்கால சைடு பஞ்சாயத்து. கோலம் கொஞ்சம் பெருசா போட்டா பாதி அந்தாண்ட போயிரும்.

நாங்க 2021 டிசம்பர்ல வந்தோம். ஒரு புரோக்கர் மூலமாதான் வீடு. அவரு சொன்னது இதுதான், இது டவுன் லிமிட்டுங்க, ஒகேனக்கல் தண்ணி குழாய்ல வரும், வேணும்னா வீட்டு வரி ரசீது பாருங்க வார்டு நம்பர் போட்ருக்குதுன்னு காட்டினாரு. ரசீதுல வார்டு 4ன்னு இருந்துச்சு. நானும் வீட்டுக்காரரும் சரி நகராட்சிதான்னு ஒரு மாச வாடகைய கமிஷனா எண்ணி குடுத்துட்டோம். பஞ்சாயத்துக்கும் வார்டு உண்டுங்கறது அப்ப மண்டைல உறைக்கல. கிராமத்துல பொறந்து வளந்தவதான் நானு, வார்டு மெம்பர் வீடு எங்க வீட்டுக்கு பின்னாடிதான் இருந்துச்சு, இருந்தும் டவுன்னு ஒரு நெனப்புல வந்ததால வார்டுன்னாலே நகராட்சின்னு ஆயிப்போச்சு. மேல எந்த ஊராட்சின்னு பொடி எழுத்துல சீல் இருந்திருக்கு, மங்கிப்போன சீலு, அத யாரு பாத்தா.

எப்ப தெரிஞ்சுது தெரியுமா? 2022 பிப்ரவரி 19 நகர்ப்புற உள்ளாட்சி எலக்ஷன். பிரச்சாரத்துக்கு ஆட்டோ வருது, பாட்டு போடறாங்க, வேட்பாளருங்க மாலையோட வர்றாங்க, மேற்கால சைடு வீடு வீடா நின்னு கும்புடறாங்க, பெரியவங்க கால்ல விழறாங்க, நோட்டீஸ் குடுக்கறாங்க. நான் எங்க வாசல்ல பாப்பாவ இடுப்புல வெச்சுகிட்டு நமக்கும் வருவாங்கன்னு நிக்கறேன். எங்க பக்கம் திரும்பிகூட பாக்கல. எல்லா கட்சியும் அப்படித்தான், அந்த விஷயத்துல ஒத்துமை. கடைசியில பக்கத்து வீட்டு அக்காதான் சிரிச்சுகிட்டே சொன்னாங்க, "நீ என்னாத்துக்கு நிக்கற, நம்ம ஓட்டு அவங்களுக்கு கெடையாது, நாம பஞ்சாயத்து". அன்னிக்குதான் வார்டுன்னா என்னான்னு புரிஞ்சுது. கும்புடு எந்த வாசல் வரைக்கும் வருதோ அதான் வார்டு எல்லை.

சரி பஞ்சாயத்துன்னா என்ன கொறஞ்சு போச்சுன்னு கேப்பீங்க. மத்ததுக்கு ஒண்ணும் இல்ல, தண்ணிக்குதான். நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு இது புதுசில்ல, வெளியூர்க்காரங்களுக்காக சொல்றேன். இங்க நெலத்தடி தண்ணில ஃபுளோரைடு ஜாஸ்தி. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரைக்கும்தான் ஆகும்ங்கறது கணக்கு, இங்க பல போர்ல அதுக்கு மேல. போர் எவ்வளவு ஆழம் போடறோமோ அவ்வளவு பாறைத்தண்ணி. நான் பென்னாகரம் பக்கத்து பொண்ணு, அடிபம்பு தண்ணி குடிச்சு வளந்தவ, என் முன்பல்லு ரெண்டுலயும் காவிக்கோடு இன்னிக்கும் இருக்கு. காலேஜ் படிக்கறப்ப போட்டோவுல வாய மூடிகிட்டுதான் சிரிப்பேன். கல்யாண ஆல்பத்துல பாருங்க, ஒரு போட்டோவுலகூட பல்லு தெரியாது.

அதுக்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டமே வந்துச்சு, ஜப்பான் கடனுதவில, 2013ல தொறந்தாங்க, தர்மபுரி கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் காவிரி தண்ணி. டவுனுக்கு மட்டும் இல்ல, கிராமத்துக்கும் அந்த தண்ணி போகுது, அத சொல்லியாகணும். ஆனா நாங்க இருந்த கிழக்கால சைடுல மேல்நிலை தொட்டில ஒகேனக்கல் தண்ணி பத்தாதப்ப போர் தண்ணியும் சேத்து ஏத்துவாங்க. ரெண்டும் கலந்துதான் குழாய்ல வரும், எந்த நாளு எது எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. வாய்ல வெச்சா தெரியும், காவிரி தண்ணி ஒரு மாதிரி லேசா இருக்கும், போர் தண்ணி கப்புன்னு இருக்கும், பருப்பு வேகவே வேகாது. காய்ச்சி குடிச்சா சரியாயிடும்னு நெனைக்காதீங்க, காய்ச்சினா கிருமிதான் சாவும், ஃபுளோரைடு அப்படியே இருக்கும், தண்ணி சுண்ட சுண்ட இன்னும் கெட்டியாவும். ஆர்ஓ மெஷின்ல கொறையும், அது வாங்க அப்ப எங்ககிட்ட காசு இல்ல. கேன் தண்ணி அப்ப 30 ரூபா, ஒரு கேன் ரெண்டு நாள் வராது.

பாப்பாவுக்கு அப்ப 4 வயசு. ஒரு கேம்ப்ல பல் டாக்டரம்மா பாத்துட்டு என் பல்லையும் பாத்தாங்க, சொன்னாங்க, நெலச்சு நிக்கப்போற பல்லு எட்டு வயசு வரைக்கும் ஈறுக்குள்ளயேதான் உருவாயிட்டு இருக்கும், இப்ப குடிக்கற தண்ணிதான் அந்த பல்லோட நெறம், அப்புறம் பிரஷ் போட்டு தேச்சாலும் போவாதுன்னு. வீட்டுக்கு வந்து அன்னிக்கு ராத்திரியே வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன், வீடு மாத்தறோம்.

எங்க போனோம்னு கேக்கறீங்களா, எதிர் சைடுக்கு. 2022 ஆகஸ்ட்ல தெருவ தாண்டினோம். வண்டி வெக்கல, தையல் மெஷினையும் பீரோவையும் கையாலயே தூக்கிட்டு போனோம், நாப்பது அடி. வாடகை 1,000 ரூபா ஜாஸ்தி. அந்த ஆயிரத்துக்கு ஓனரம்மா ஒரு கணக்கு சொன்னாங்க, அது பொய் இல்ல. அந்த வருஷம் ஏப்ரல்ல சொத்து வரி ஏத்தினாங்க இல்லையா, நகராட்சிகள்ல 600 சதுர அடி வரைக்கும் 25 சதவீதம், 1,200 வரைக்கும் 50, 1,800 வரைக்கும் 75, அதுக்கு மேல 100 சதவீதம்னு. ஓனரம்மா வீடு கீழ மேல சேத்து 1,400 அடி, அவங்களுக்கு 75. இந்த வரி ஆறு மாசத்துக்கு ஒருக்கா, ஒவ்வொரு அரை வருஷத்துலயும் முதல் மாசத்துக்குள்ள, அதாவது ஏப்ரல்லயும் அக்டோபர்லயும், கட்டினா 5 சதவீதம் கழிவு உண்டு, எங்க ஓனரம்மா அத ஒரு தடவகூட விட்டதில்ல, கட்டின ரசீதோட வந்து டீ குடிச்சுட்டு போவாங்க. எதிர் சைடுல வீட்டு வரி வருஷத்துக்கு ஒரு தடவ, தொகையும் ரொம்ப கம்மி.

இப்ப வார்டு தண்ணிக்கு வர்றேன். மூணு நாளைக்கு ஒருக்கா வரும், சில வாரம் நாலு நாள் ஆவும். ஒரு மணி நேரம். வால்வு தொறக்கற அண்ணன் வாட்ஸ்அப் குரூப்புல "இப்போ விடறேன்"னு போடுவாரு, அவ்வளவுதான், குக்கர் விசில் அடிச்சாலும் சரி கஸ்டமர் பிளவுஸ் அளவு பாக்க நின்னாலும் சரி, எல்லாத்தையும் போட்டுட்டு ஓடணும். ஆனா தண்ணி சுத்தமான காவிரி தண்ணி, அதுல மாற்றுக்கருத்தே கெடையாது. பருப்பு ரெண்டு விசில்ல வெந்துருது. தெருவுல ஒண்ணு ரெண்டு பேரு குழாய்ல நேரா மோட்டார் மாட்டி உறிஞ்சறாங்க, அன்னிக்கு கடைசி வீடான எங்களுக்கு நூல் மாதிரிதான் விழும். யாருன்னு தெருவுக்கே தெரியும், யாரும் வாய தொறக்க மாட்டாங்க, ஏன்னா அவங்க வீட்டு கல்யாணத்துக்குதான் போன மாசம் எல்லாரும் சாப்பிட்டு வந்தோம். தண்ணிக்கு 5க்கு 4 குடுப்பேன், அந்த மோட்டாருக்காக ஒண்ணு கழிச்சேன்.

பாப்பாவுக்கு இப்ப மேல்வரிசை முன்பல்லு ரெண்டு மொளச்சிருக்கு. வெள்ளையா இருக்கு. டெய்லி காலைல வெளிச்சத்துல வாய தொறக்க சொல்லி பாக்கறேன், அவளுக்கு எரிச்சல், போம்மான்றா.

குப்பைக்கு பெருசா ஒண்ணும் சொல்றதுக்கில்ல. காலைல பேட்டரி வண்டி பாட்டோட வருது, மக்கற குப்பை மக்காத குப்பை பிரிச்சு குடுக்கணும், பிரிக்கலைனா வண்டிக்கார அக்கா திட்டுவாங்க, திட்டறது நியாயம்தான். எதிர் சைடுல தள்ளுவண்டில வர்றவங்க. எங்க சைடுல தூய்மைப் பணியாளர்னு சொல்றாங்க, அங்க தூய்மைக் காவலர்னு சொல்றாங்க. பேருதான் வேற, ரெண்டு பேருக்கும் பொங்கலுக்கு பொடவை எடுத்து குடுக்கறதுல மட்டும் நாங்க ரெண்டு சைடும் கூட்டு. ஒரே ஒரு கடுப்பு, எங்க சைடுல சில பேரு வண்டி வந்து போனப்புறம் எந்திரிச்சு கவர கொண்டுபோயி எதிர் சைடு காலி மனைல வீசறாங்க. அந்தாண்ட போட்டா யாரும் கேக்கமாட்டாங்களாம்.

சாக்கடை. இதுக்கு நான் 1 ஸ்டார்தான் குடுப்பேன், அதுவும் கான்கிரீட் போட்ட மேஸ்திரிக்காக. மேற்கால சைடுல சுத்தமா கான்கிரீட் கால்வாய் கட்டி, மேல பலகைக்கல்லு போட்டு, அழகா வந்து தெரு முனைல நின்னு போச்சு. ஏன் நின்னுச்சு? வார்டு அங்கதான் முடியுது. கான்ட்ராக்ட்ல எழுதின மீட்டர் முடிஞ்சுதாம். சாக்கடைத் தண்ணிக்கு வார்டு எல்லை தெரியாதே, அது பாட்டுக்கு எறக்கத்த பாத்து ஓடி எதிர் சைடு முதல் வீட்டு வாசல்ல நிக்கும். ஐப்பசி கார்த்திகை மழைல பாக்கணும், அந்த வீட்டு தாத்தா மம்முட்டி எடுத்து மண்ண வெட்டி அணை கட்டுவாரு, தண்ணி இந்தாண்ட திரும்பும், இந்தாண்டக்காரங்க போயி அணைய ஒடைப்பாங்க. மேட்டூர் அணைகூட இவ்வளவு பஞ்சாயத்து பாத்திருக்காது.

லைட்டும் கிட்டத்தட்ட இதே கதை. எங்க சைடு கம்பத்துல லைட்டு எரியும், எதிர் சைடுல ஒரு கம்பம் எட்டு மாசமா நான் இருந்தவரைக்கும் எரிஞ்சதில்ல, இப்ப எரியுது. தெருவுக்கு பாதி வெளிச்சம்னா நாய்ங்களுக்கு வசதி, இருட்டு சைடுல படுத்துட்டு வெளிச்ச சைடுல போறவங்கள தொரத்தும். நாய்க்கு தனியா ரிவ்யூ எழுதலாம், வேணாம். கரண்ட்டு விஷயத்துல மட்டும் சமத்துவம், மாசாந்திர பராமரிப்புன்னு நிறுத்தினா ரெண்டு சைடும் ஒண்ணா போவும். அன்னிக்கு நான் மெஷின் ஓட்ட முடியாது, முன்ன பக்கத்து வீடா இருந்து இப்ப எதிர்வீடாயிட்ட அக்காவும் மாவு மில்லு போக முடியாது, ரெண்டு பேரும் திண்ணைல உக்காந்து நிப்பட்டு கடிச்சுகிட்டு ஊர் கதை.

அந்த அக்காவப் பத்தி சொல்லியாகணும், இந்த ரிவ்யூல பாதி அவங்களோடது. அவங்ககிட்ட ஒரு தடவ பெருமையா சொன்னேன், பாருங்கக்கா எங்க சைடு தண்ணி நல்லாருக்கு லைட்டு நல்லாருக்குன்னு. அக்கா பாக்கு இடிச்சுகிட்டே கேட்டாங்க, "உனக்கு உள்ளாட்சி எலக்ஷன்ல எத்தினி ஓட்டு?" ஒண்ணுதாங்க அக்கா, கவுன்சிலருக்குன்னேன். "எனக்கு நாலு". நெஜம்தான். பஞ்சாயத்துல வார்டு மெம்பருக்கு ஒண்ணு, தலைவருக்கு ஒண்ணு, ஒன்றிய கவுன்சிலருக்கு ஒண்ணு, மாவட்ட கவுன்சிலருக்கு ஒண்ணு. கலர் கலரா சீட்டு குடுப்பாங்க, தலைவருக்கு ரோஸ், ஒன்றியத்துக்கு பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். 2019 டிசம்பர்ல முத்திரை குத்தி குத்தி கை வலிச்சுதுன்னாங்க. எங்களுக்கு நகராட்சில ஒரே பட்டன், நகராட்சி தலைவர கவுன்சிலருங்க சேந்து அவங்களே எடுத்துப்பாங்க, நம்மள கேக்கறதில்ல. எம்பி எம்எல்ஏ எலக்ஷன்ல மட்டும் ரெண்டு சைடும் ஒரே தர்மபுரி தொகுதி, 2024ல எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்கூல், வேற வேற ரூம்.

இன்னொண்ணு கிராம சபை. வருஷத்துக்கு ஆறு தடவ, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நாங்க அந்த சைடுல இருந்தப்ப அக்கா என்ன மே 1 கூட்டத்துக்கு இழுத்துட்டு போனாங்க. வேப்பமரத்தடில பந்தல், பிளாஸ்டிக் சேரு, வரவு செலவ ஒருத்தரு வேகவேகமா படிக்கறாரு. அக்கா எந்திரிச்சு அந்த எரியாத லைட்ட பத்தி கேட்டாங்க, பின்னாடி நாலு பொம்பளைங்க தண்ணி பத்தி கேட்டாங்க, நூறு நாள் வேலை கூலி பாக்கி பத்தி ஒரு பாட்டி அழுகாத கொறையா கேட்டுச்சு. பதில் கெடச்சுதான்னா பாதிக்குதான் கெடச்சுது, ஆனா கேட்டது நோட்டுல எழுதினாங்க, கீழ கையெழுத்து வாங்கினாங்க. 2025 ஜனவரி 5ஓட தலைவர் மெம்பர் பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் கைக்கு போனப்பகூட அக்கா கூட்டத்துக்கு போறத நிறுத்தல.

வார்டுலயும் பகுதி சபான்னு ஒண்ணு உண்டு. 2022 நவம்பர் 1லதான் மாநிலம் பூரா ஆரம்பிச்சாங்க, வார்ட பகுதி பகுதியா பிரிச்சு கவுன்சிலர் தலைமைல கூட்டம். எங்க தெருவுல எத்தன பேருக்கு அது தெரியும்னு கேட்டு பாத்தேன், ஓனரம்மாவுக்கு தெரியல, மோட்டார் போடறவங்களுக்கு தெரியல, வால்வு அண்ணனுக்கு மட்டும் தெரிஞ்சுது. இங்க வழக்கம் வேற. ஏதாவதுன்னா கவுன்சிலர் வீட்டுக்கு போவாங்க இல்ல போன் அடிப்பாங்க. எடுக்கறாங்க, பேசறாங்க, குறை சொல்ல மாட்டேன். ஆனா வீட்டு வாசல்ல போயி நின்னு கேக்கறதும், கூட்டத்துல எந்திரிச்சு நின்னு கேக்கறதும் ஒண்ணா சொல்லுங்க. வாசல்ல நிக்கறப்ப நாம ஒதவி கேக்கற மாதிரி ஆயிருது.

அந்த சைட நகராட்சியோட சேத்துருவாங்கன்னு அப்பப்ப பேச்சு வரும். நான் சந்தோஷப்பட்டேன், சாக்கடை பிரச்சனையாவது தீரும்னு. அக்கா வீட்ல சாவு விழுந்த மாதிரி இருந்துச்சு. அவங்க மாமியாருக்கு அப்ப நூறு நாள் வேலைதான் கைச்செலவு, நகராட்சி ஆயிட்டா அந்த அட்டைக்கு வேலை இல்ல, அந்த திட்டம் கிராமத்துக்கு மட்டும்தான். வரியும் ஏறும். "உங்க தண்ணி வேணும், உங்க வரி வேணாம்"னு அக்கா சொல்றது கேக்க சுயநலமா தெரியும், ஆனா அவங்க வருமானத்த பாத்தா வேற என்ன சொல்லுவாங்க.

ஏரியா மத்தபடி நல்ல ஏரியா. உழவர் சந்தைக்கு காலைல ஆறு மணிக்கு போனா கீரை கட்டு ஈரத்தோட கெடைக்கும். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி டவுன்லயே. தைப்பூசத்துக்கு குமாரசாமிப்பேட்டை முருகன் கோயில் தேரு, பொம்பளைங்க மட்டுமே வடம் புடிச்சு இழுக்கற தேரு, அது ஒரு நாள் போதும் இந்த ஊருக்கு வந்ததுக்கு. ரெண்டு சைடுலேர்ந்தும் ஒரே ஷேர் ஆட்டோவுல அடைச்சுகிட்டு போவோம், போன தடவ என் வளையல் ஒடஞ்சு கைல கீறல், அக்கா பாவாடை நாடாவ கிழிச்சு கட்டி விட்டாங்க.

அட்ரஸ் தொல்லை ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். இந்தாண்ட தெருவுக்கு ஒரு பேரு, அந்தாண்ட வேற பேரு. கொரியர் பையன் நின்னுகிட்டு போன் அடிப்பான், அக்கா மேப்பு எதிர் வீட்ட காட்டுதுன்னு. நாப்பது அடி மாறினதுக்கு ஆதார், ரேஷன் கார்டு, கேஸ் புக்கு, ஓட்டர் ஐடி அத்தனையும் மாத்தினேன். ரேஷன் கடையும் மாறிப்போச்சு, முன்ன நடந்து போற தூரம், இப்ப பஸ் ஸ்டாப் தாண்டி போவணும்.

சரி, வீடு பாக்க வர்றவங்களுக்கு. புரோக்கர் சொல்றத காதுல வாங்காதீங்க. வரி ரசீத வாங்கி வார்டு நம்பர பாக்காதீங்க, மேல இருக்கற சீல பாருங்க, நகராட்சியா ஊராட்சியான்னு. பஞ்சாயத்துலயும் வார்டு 4 உண்டு, நகராட்சிலயும் வார்டு 4 உண்டு, அதுலதான் நான் மாட்டினேன். அப்புறம் ஒரு நாள் விடிகாலைல ஆறு மணிக்கு தெருவுல வந்து சும்மா நில்லுங்க, எந்த சைடுல கொடம் அடுக்கி இருக்குன்னு பாத்தா தெரிஞ்சுரும். கொடம் புடிக்கற பொம்பளைங்ககிட்ட பருப்பு எத்தன விசில்ல வேகும்னு கேளுங்க. சின்ன புள்ள இருந்தா மேற்கால சைடு பாருங்க, ஆயிரம் ரூபா ஜாஸ்தியானாலும். வயசானவங்க ரெண்டு பேரு மட்டும், வீட்ல ஆர்ஓ இருக்கு, சொந்தமா கட்டறீங்கன்னா கிழக்கால சைடும் மோசமில்ல, ஆனா தெரு முனை முதல் வீட்டு பக்கம் மட்டும் மனை வாங்காதீங்க, தாத்தாவோட மம்முட்டி உங்க கைக்கு வந்துரும்.

நாங்க மொதல்ல இருந்த வீட்டுல இப்ப டூலெட் போர்டு தொங்குது. அதே புரோக்கர், அதே நம்பர். நேத்து ஒரு பொண்ணு கைக்கொழந்தையோட வந்து பாத்துட்டு இருந்துச்சு, ரசீத கைல வெச்சு படிச்சுகிட்டு. நான் மெஷின நிறுத்திட்டு தெருவ தாண்டி போனேன்.